நாய்க்கடிக்குத் தோல் ஊசியா, தசை ஊசியா? கம்பம்–குமுளி எல்லையில் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கம்பம், கூடலூர், தேவாரம், போடி பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகம் இது. தோட்டத்தில் நாய் கடித்துவிட்டது. மலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய்க்கு (ரேபீஸ்) முதல் தடுப்பூசி போட்டார்கள். இரண்டு கையிலும் தோலுக்குள்ளேயே துளித் துளியாகத்தான் ஏற்றினார்கள். ஊருக்கு வந்தால் பக்கத்து வீட்டில், "இதெல்லாம் பத்தாது, பிரைவேட்ல முழு ஊசி அஞ்சு போடணும்" என்கிறார்கள். யார் சொல்வது சரி? மீதி ஊசியை எங்கே போடுவது?

இதோடு இன்னும் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. தடுப்பூசியோடு சேர்த்துப் போடும் சீரம் என்று ஒன்று சொல்கிறார்களே, அதில் எந்த வகை? வீட்டு நாய்க்கு எந்த ஊசி, எங்கே?

எதைத் தேர்ந்தாலும் அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. கடித்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தோட்டத்தில் குழாய் இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சோப்பு கிருமியின் மேலுறையைக் கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், பச்சிலை எதையும் அப்பக் கூடாது. அவை புண்ணை எரித்து, கிருமி நரம்பைத் தொட வழி செய்துவிடும். ஊசி போட மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டியவர்களுக்கு இந்த 15 நிமிடம் எவ்வளவு பெரியது என்று சொல்லி முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் பாதுகாப்பு: இரண்டு வழியும் ஒரே அளவு காக்கின்றனவா? அடுத்து எத்தனை நாள் கூலி போகும். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. காலையில்தான், ஜீப் கிளம்புவதோ அதற்கு முன். ஆகவே ஒரு ஊசி என்றால் ஒரு நாள் சம்பளம். மூன்றாவது, மாநிலம் மாறினாலும் அதே முறையில் தொடர முடியுமா. நான்காவது, ஊசி போடுகிறவரின் கை தவறினால் என்ன ஆகும். பணம் ஐந்தாவதுதான், ஆனால் மறைந்திருக்கும் செலவு அதில்தான் அதிகம்.

## தோல் ஊசியும் தசை ஊசியும் பக்கத்தில் பக்கத்தில்

| | தோல் ஊசி (ஐ.டி.) | தசை ஊசி (ஐ.எம்.) |
|---|---|---|
| நாட்கள் | 0, 3, 7, 28 | 0, 3, 7, 14, 28 |
| ஒரு தடவைக்கு | இரண்டு இடத்தில் 0.1 மி.லி. வீதம் | ஒரே இடத்தில் ஒரு முழுக் குப்பி |
| மொத்த மருந்து | 0.8 மி.லி. | 5 குப்பிகள் |
| நடை | 4 | 5 |
| கிடைக்கும் இடம் | இரு மாநிலத்திலும் அரசு ஆஸ்பத்திரிகள் | பெரும்பாலும் தனியார் |
| மருந்துச் செலவு | அரசில் இல்லை | ஒவ்வொரு குப்பிக்கும் சில நூறு ரூபாய் |
| போடுகிறவரின் பயிற்சி | கட்டாயம் வேண்டும் | சாதாரணக் கை போதும் |
| எங்கே தவறும் | ஆழமாக இறங்கிவிடுவது | பிட்டத்தில் போட்டுவிடுவது |

நாள் எண்ணுவதில்தான் முதல் குழப்பம். 0 என்பது முதல் ஊசி போட்ட நாள், கடித்த நாளைக் குறிக்காது. மாதம் 1-ஆம் தேதி முதல் ஊசி என்றால் தோல் ஊசிக்கு அடுத்த தேதிகள் 4, 8, 29. தசை ஊசிக்கு 4, 8, 15, 29.

இன்னொன்றையும் கவனியுங்கள். 7, 14, 28 எல்லாமே முதல் ஊசி போட்ட அதே கிழமையில்தான் வரும். 3-ஆம் நாள் மட்டும் வேறு கிழமை. ஞாயிறு முதல் ஊசி போட்டவருக்குப் புதன் ஒன்றுதான் வேலை நாள். ஆனால் மற்ற ஞாயிறுகளில் அவசரப் பிரிவில் ஊசி போடுவார்களா என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். கிழமை பார்த்து முதல் ஊசியைத் தள்ளிப் போடுவது மட்டும் கூடவே கூடாது.

## தோல் ஊசி

அளவு குறைவு என்பதால் பலமும் குறைவு என்று நினைப்பதே இந்த ஊசியைப் பற்றிய பெரிய தவறு. தோலுக்குள் அந்நியப் பொருளைப் பிடித்து எதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டிக்கொடுக்கும் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. தசையில் அப்படி இல்லை. அதனால் தோலில் 0.2 மி.லி. செய்வதைச் செய்யத் தசைக்கு ஒரு குப்பி வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் இந்தியாவின் தேசிய வழிகாட்டுதலும் இரண்டையும் சமமாகவே ஏற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது இந்த இடத்தில் தவறு.

ஆனால் கை சரியாக இருக்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு சின்ன வெளிறிய மேடு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து ஆழமாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் இன்னொரு 0.1 மி.லி. போட வேண்டும். இதைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. "அக்கா, மேடு வரலையே" என்று சொன்னால் பயிற்சி பெற்ற எந்தச் செவிலியரும் கோபப்பட மாட்டார். அளவு தவறுவது ஊசிக்குழலால். இன்சுலின் குழல் இரண்டு வகையில் வருகிறது. 40 அலகுக் குழலில் 0.1 மி.லி. என்பது 4 அலகு. 100 அலகுக் குழலில் 10 அலகு. குழல் மாறினால் அளவு பாதிக்கும் குறைவாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு. மருந்தைக் கலக்கிய குப்பியைச் சில மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 8 மணி நேரத்துக்குள், குளிர்ச்சியில் வைத்துத் தீர்த்துவிட வேண்டும். ஆகவே சில இடங்களில் கடிபட்டவர்களைக் காலையில் ஒன்றாகச் சேர்த்துப் போடுகிறார்கள். பத்து மணிக்குப் போனவர் அரை நாளை விட வேண்டியதுதான்.

குளோரோகுயின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். மலேரியாவுக்கு மட்டுமல்லாமல் மூட்டுவாதத்துக்கும் இந்த வகை மாத்திரை எழுதுவார்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்களுக்குத் தசை ஊசியே நல்லது.

## தசை ஊசி

போடுவது எளிது, சாயங்கால கிளினிக்கிலும் கிடைக்கும். தோட்டத்திலிருந்து இறங்கி ஆறு மணிக்கு மேல் போட்டுக்கொண்டால் கூலி போகாது. தோல் ஊசிக்குப் போகும் நான்கு நாள் கூலியையும் ஐந்து குப்பி விலையையும் தட்டின் இரு பக்கத்திலும் வைத்துப் பார்த்தால் சில வீடுகளுக்குத் தனியார் ஊசி அப்படி ஒன்றும் அதிகச் செலவில்லை. இதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குப் பயந்து நான்காவது ஊசியை விட்டுவிடுகிறவருக்கு இலவச ஊசியைவிட, முடிக்கக்கூடிய காசு ஊசி மேல்.

பெரியவர்களுக்கு மேற்கையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொடையின் முன்–வெளிப் பக்கத்தில் போட வேண்டும். பிட்டத்தில் கூடவே கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து தசைக்குப் போய்ச் சேராது. குழந்தைக்கும் பெரியவருக்கும் தடுப்பூசி அளவு ஒன்றேதான். "சின்னப் பிள்ளைதானே, பாதி போதும்" என்று யாரும் குறைக்கக் கூடாது. கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும் இரண்டு வகையையும் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை. கறி, மீன், கத்தரிக்காய் எல்லாம் சாப்பிடலாம்.

மெடிக்கல் கடையில் வாங்கிக்கொண்டு போனால் குளிர்ச்சி போய்விடும் ஆபத்து உண்டு. குப்பி எப்போதும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கி, பையில் வைத்து, பஸ்ஸில் வெயிலில் கொண்டுபோன குப்பியில் மருந்தின் பலம் எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. குளிர்சாதனப் பெட்டி உள்ள கிளினிக்கிலேயே வாங்கிப் போடுவது நல்லது.

கடித்தது நாயோ பூனையோ, எது என்று அடையாளம் தெரிந்திருந்தால் 10 நாள் அதைக் கவனிக்க வேண்டும். ஊசியை அதற்காக நிறுத்தி வைக்கக் கூடாது. போட்டுக்கொண்டே கவனிக்க வேண்டும். பத்தாம் நாளும் அது பழையபடி தின்று, குடித்து, நடமாடினால் தசை ஊசிக்காரர் 14-ஆம் நாள் ஊசியை விட்டு 28-ஆம் நாளோடு முடிக்கலாம், நடை நான்காகிவிடும். தோட்டத்தில் கங்காணியிடம் சொல்லி வைத்தால் போதும், நாயை அடித்துக் கொல்ல விடாதீர்கள். கொன்றுவிட்டால் இந்தக் கவனிப்புக்கு வழியே இல்லாமல் போகிறது. தேக்கடிப் பக்கம் குரங்கு கடித்தால் இந்தப் பத்து நாள் கணக்கு செல்லாது. ஊசியை முழுதாக முடிக்க வேண்டும்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா காலத்துப் பயம் இன்னும் இருக்கிறது. அது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஒரு காலத்தில் அதைத்தான் தயாரித்தது. இந்தியா அதைக் கைவிட்டு இருபது ஆண்டுகள் ஆகின்றன. இன்று எங்கேயும் வயிற்றில் ஊசி இல்லை.

## செக்போஸ்ட்டைத் தாண்டும்போது

கேரளத்து ஓ.பி. சீட்டில் ஐ.டி.ஆர்.வி. என்று எழுதியிருந்தால் தோல் ஊசி என்று பொருள். அதைத் தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் அதே முறையில் தொடரலாம், இரண்டு பக்கமும் ஒரே அட்டவணைதான். சீட்டில் நான்கு விவரம் இருக்க வேண்டும்: முதல் ஊசித் தேதி, ஐ.டி.யா ஐ.எம்.மா, மருந்தின் பெயர், சீரம் ஏற்றியதா இல்லையா. மலையாளத்தில் எழுதிய பகுதி இங்கே படிக்கப்படாமல் போகலாம், அதனால் தேதிகளை எண்ணிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்; ஏலத்தோட்டத்து மழையில் தாள் நிற்பதில்லை.

வழி மாறாமல் முடிப்பதே நல்லது. தவிர்க்க முடியாமல் தோல் ஊசியிலிருந்து தசை ஊசிக்கு மாறினாலும், கம்பெனி மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு தேதி தவறிவிட்டாலும் அப்படித்தான்: நினைவு வந்த அன்றே போட்டு, மிச்சத்தை அதே இடைவெளியில் தள்ளிக்கொள்ள வேண்டும். "தேதி போயிடுச்சு, இனி எதுக்கு" என்று விடுவதுதான் ஆபத்து.

வெளிநாட்டுக் குறிப்புகளில் 0, 3, 7 என்று ஒரே வாரத்தில் முடியும் தோல் ஊசி முறையைப் பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் அதை ஏற்றது உண்மை. இந்திய வழிகாட்டுதல் 28-ஆம் நாளையும் வைத்திருக்கிறது. இங்கே அதை விடக் கூடாது.

எதை எடுப்பது என்று கேட்டால் எங்கள் கணிப்பு இது: அரசு ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும், கடி பலமாக இருந்து சீரமும் தேவைப்படுகிறவர்களுக்கும் தோல் ஊசி. காலை ஓ.பி.க்குப் போக வழியே இல்லாதவர்களுக்கும், குளோரோகுயின் வகை சாப்பிடுகிறவர்களுக்கும் தசை ஊசி.

## சீரம்: எல்லோரும் விட்டுவிடும் ஊசி

தடுப்பூசி உடம்பைத் தயார் செய்ய ஏழு முதல் பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் காவலுக்கு நிற்பது சீரம். அதில் எதிர்ப்புப் பொருள் தயாராகவே இருக்கிறது. தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, ரத்தம் கசிந்த பிறாண்டல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் பட்டது, இவை மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் கட்டாயம். ரத்தம் வராத சிறு கீறல் இரண்டாம் வகை. தடுப்பூசி மட்டும் போதும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் அதிலும் சீரம் உண்டு. காயமில்லாத தோலில் நக்கியது முதல் வகை; ஒன்றும் தேவையில்லை.

முகத்திலும் கைவிரலிலும் நரம்பு நெருக்கம் அதிகம், முகத்திலிருந்து மூளைக்குத் தூரமும் குறைவு. குழந்தைகளின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் அவர்களைத்தான் முகத்தில் கடிக்கிறது. கேரளத்தில் ஊசி தொடங்கிய பிறகும் சில உயிர்கள் போன செய்திகளை 2022-லும் அதற்குப் பின்னும் படித்து ஊசியையே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. முகம், தலை, கை இவற்றில் ஆழமாகக் கடித்தால் தடுப்பூசி மட்டும் ஓடிப் பிடிக்க முடியாது என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மணிக்கணக்கு முக்கியம்.

குதிரை சீரம். கிலோவுக்கு 40 அலகு. 60 கிலோ ஆளுக்கு 2,400 அலகு, அதாவது 8 மி.லி. விலை குறைவு, அரசு ஆஸ்பத்திரியில் இருப்பது பெரும்பாலும் இதுவே. ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வைப்பார்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் திரும்பப் போய்க் காட்ட வேண்டும்.

மனித சீரம். கிலோவுக்கு 20 அலகு. அதே ஆளுக்கு 1,200 அலகு, 300 அலகுக் குப்பி நான்கு. ஒவ்வொரு குப்பியும் ஆயிரக்கணக்கில். ஒவ்வாமை அபாயம் மிகக் குறைவு. ஆனால் குத்தப்படும் நீரின் அளவு கிட்டத்தட்ட குதிரை சீரம் அளவேதான், ஆகவே வலி குறையும் என்று நினைத்துப் பணம் கொடுக்க வேண்டாம். குழந்தைக்கு மனித சீரம் ஏற்றியிருந்தால், அடுத்து வரும் தட்டம்மை–ரூபெல்லா ஊசியின்போது செவிலியரிடம் சொல்லுங்கள். இரண்டுக்கும் சில மாத இடைவெளி வேண்டியிருக்கும்.

மோனோகுளோனல். ஆய்வகத்தில் செய்த எதிர்ப்புப் பொருள், குதிரைப் புரதம் இல்லை. இந்தியாவில் இரண்டு தயாரிப்புகள் உண்டு: ராபிஷீல்டுக்குக் கிலோவுக்கு 3.33 அலகு, ட்வின்ராபுக்கு 40 அலகு. அளவு பன்னிரண்டு மடங்கு வித்தியாசம் என்பதால் குப்பியின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதச் சொல்வது அவசியம். குதிரை சீரத்துக்கு முன்பு ஒவ்வாமை வந்தவர்களுக்கு இது நல்ல வழி.

மூன்றில் எது என்பதைவிட எங்கே குத்துகிறார்கள் என்பது முக்கியம். காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் குத்த வேண்டும். கையில் மட்டும் போட்டுவிட்டால் பயன் மிகக் குறைவு. காயங்கள் பல இருந்து மருந்து போதாவிட்டால் உப்புநீர் கலந்து பெருக்கிக்கொள்வார்கள், அளவைக் கூட்டக் கூடாது. சீரத்துக்கு முன் தையல் போடக் கூடாது. முதல் நாள் கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் ஏற்றலாம்; அதன் பிறகு உடம்பே தயாரிக்கத் தொடங்கியிருக்கும், சீரம் அதைக் கெடுக்கும். சிறிய மையங்களில் சீரம் இருப்பு நிச்சயம் இல்லை. கேரளத்தில் 1056, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் கேட்டுவிட்டுக் கிளம்பினால், தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கோட்டயத்துக்கோ என்று மலையிலேயே முடிவு செய்யலாம்.

## கடிக்கு முன்பே போட்டுக்கொள்வது

0, 7, 21 அல்லது 28 என்று மூன்று ஊசி. கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர், நாய் பிடிப்பவர், வனத்துறை ஆள், ஆஸ்பத்திரி எட்டாத எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாய்களோடு வளரும் பிள்ளைகள் இவர்களுக்குப் பொருந்தும். செலவு பெரும்பாலும் சொந்தப் பணம். லாபம் என்ன என்றால், பிறகு கடித்தாலும் சீரமே வேண்டாம், 0, 3 என இரண்டு ஊசி போதும். சீரம் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஊருக்கு இது சின்ன விஷயமில்லை. சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் இந்தச் சலுகை. சீட்டில்லாதவரை ஊசியே போடாதவராகத்தான் நடத்துவார்கள்.

## வீட்டு நாய்க்கு: முகாமா, தனியார் கிளினிக்கா

கால்நடை ஆஸ்பத்திரியிலும், உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டி நடக்கும் முகாம்களிலும் வெறிநோய் ஊசி குறைந்த செலவில் முடிந்துவிடும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் தேதியில் பூஸ்டர், பிறகு ஆண்டுதோறும். கேரளத்தில் நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமம் வாங்க இந்தச் சான்று தேவை. வண்டிப்பெரியாறு, மூணாறு லயங்களில் இருப்பவர்கள் சான்றில் தேதியும் மருந்தின் பேட்ச் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தனியார் கிளினிக்கின் செவன்-இன்-ஒன், நயன்-இன்-ஒன் ஊசிகள் காப்பது வேறு நோய்களிலிருந்து: பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல். "நயன் போட்டாச்சு, வெறிநோய்க்கும் சேர்ந்துதானே" என்று பலர் நம்புகிறார்கள். அட்டையில் ரேபீஸ் என்று தனியாக ஒட்டுத்தாள் இல்லையென்றால் அது போடப்படவில்லை.

இந்தக் கூட்டு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடப்படும். காசு பிடுங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அதுவே அழித்துவிடும். எந்த வாரம் அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு, அதனால்தான் அந்த இடைவெளியை ஊசிகளால் மூடுகிறோம். 16 வாரத்துக்கு முன் நிறுத்திவிட்ட குட்டிதான் "ஊசி போட்டும் பார்வோ வந்துருச்சு" என்று வருகிறது. எலிக்காய்ச்சல் பகுதி மட்டும் ஆண்டுதோறும் தேவை. மழை அதிகம் உள்ள இந்தப் பக்கத்தில் அதை விடக் கூடாது.

காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் வெறிநோய் ஊசி. பார்வோ வந்தால் நாய்க்கு மட்டும் ஆபத்து, வெறிநோய் வந்தால் வீட்டுக்கே. ஊசி போட்ட நாய் கடித்தாலும், மூன்று மாதம் ஆகாத குட்டி பல் பதித்து ரத்தம் வந்தாலும் மனிதருக்கான ஊசி தொடங்கத்தான் வேண்டும். குட்டியாலும் பரவும்.

மாட்டையோ ஆட்டையோ நாய் கடித்திருந்தால் அதற்கும் கடிக்குப் பிந்தைய ஊசி உண்டு: 0, 3, 7, 14, 28. புண்ணை அதே சோப்பு, அதே 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது.